ஒத்த வண்டி

உக்காருங்க, தாராளமா உக்காருங்க. இந்தப் பைய நான் மடியிலயே வெச்சுக்கறேன். உள்ள மனு இருக்குதுங்க, மேல வெச்சா கசங்கிப் போயிரும். இந்தத் தூக்குப்போசி மட்டும் உங்க கால்கிட்ட இருக்கட்டும், ஒதைச்சுப்போடாதீங்க. ரசஞ்சோறு. என்ற ஊட்டுக்காரி தம்பிக்குன்னு குடுத்துவிட்டா. தம்பின்னா கூடப் பொறந்தவன், சிவமலை. ஒரு மாசமா கோயமுத்தூரு ஆஸ்பத்திரியில கெடக்கறான். நெஞ்சுக்குள்ள பொகை பூந்துருச்சு.

ஆமாங்க, அவனையும் பாக்கோணும். ஆனா மொதல்ல மனு. தீயணைப்புக்குப் பெரிய ஆபீசு ஒண்ணு இருக்குதுங்களே, ஆஸ்பத்திரி தாண்டி, அங்க குடுக்கோணும். மதியத்துக்கு மேல போனா ஐயா கேம்ப்புன்னு கெளம்பிருவாராம். காலையில தம்பி பையன் போன் பண்ணுனான். "பெரியப்பா, அப்பாவுக்குக் கொஞ்சம் முடியலீங்க. தோதுப்பட்டா சித்தெ வந்துட்டுப் போங்க"ன்னான். கொஞ்சந்தானுங்களே. மனுவக் குடுத்துப்போட்டு, வர்றப்ப எறங்கிப் பாத்துக்கலாம். ஊட்டுக்காரிக்கு அது பொறுக்கல. மொதல்ல ஆஸ்பத்திரியில எறங்குங்கன்னு பஸ்ஸ்டாண்டு வரைக்கும் கூடவே வந்து சொல்லிப்போட்டுப் போறா. நான் ஆபீசு ஸ்டாப்புக்குத்தான் டிக்கெட்டு எடுத்திருக்கறேன்.

யாரு மேல மனுன்னு கேக்கறீங்களா? நீங்க எந்த ஊருங்க? தூத்துக்குடியா. அதான் பாத்தேன், பேச்சுலயே தெரியுது. கோவிச்சுக்காதீங்க, உங்க பக்கத்து ஆளு ஒருத்தன் மேலதான் மனு. ஜெபராஜ்னு பேரு. எங்கூருத் தீயணைப்பு ஸ்டேசன்ல லீடிங் பயர்மேனு. அப்படின்னா ஆபீசருக்குக் கீழ, மத்தவங்களுக்கு மேல. தீன்னு போன் வந்தா வண்டிய எடுத்துட்டு மொதல்ல வர்றது அவந்தான். இன்னும் எத்தன வண்டி வரோணும்னு முடிவு பண்றதும் அவந்தான். அதுலதான் சாமி அவன் எனக்கு மோசம் பண்ணிப்போட்டான்.

எனக்கு நாரு மில்லுங்க. தேங்கா மட்டைய ஒடைச்சு நாரெடுத்து, களத்துல காய வெச்சு, கட்டுக் கட்டிக் கொடோனுல அடுக்கி, ஹார்பருக்குத் தாட்டி உடறது. உங்கூருக்குத்தானுங்க வருது என்ற நாரு, கப்பலேறதுக்கு. போன மாசம் மில்லு எரிஞ்சு போச்சு. முழுசா. எரிஞ்சது கூட எனக்குப் பெருசில்லீங்க, இன்சூரன்சு இருக்குது, எப்படியோ எந்திரிச்சுக்குவேன். எனக்கு எத்தன வண்டி வந்துச்சுங்கறீங்க? ஒண்ணு. ஒத்த வண்டி. என்ற தம்பிக்கு எத்தன? அஞ்சு. ஒரே காடு, நடுவுல ஒரு செவுரு. செவுத்துக்கு இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் அஞ்சு. இதுக்கு நாயம் கேக்க வேண்டாமுங்களா?

சிரிக்காதீங்க. வண்டி வர்றதுலயும் ஒரு மட்டு மரியாதை இருக்குதுங்க. எனக்கு வந்தது லீடிங் பயர்மேனு. அவனுக்கு வந்தது யாரு? ஸ்டேசன் ஆபீசரு. அப்பறம் ஜீப்பு போட்டுட்டு மாவட்ட அலுவலரே வந்துட்டாரு. ஊரே பாத்துட்டு நின்னுச்சு. அண்ணன் மில்லுக்கு லீடிங், தம்பி மில்லுக்கு மாவட்டம். டீக்கடையில அதையே பேச்சாப் பேசறாங்க. மூத்தவன் நானு.

அந்தச் செவுரப் பத்திச் சொல்லோணும். நாங்க பாகம் பிரிச்சுப் பத்துப் பன்னெண்டு வருசமாச்சு. பெத்த ஐயன் போன பொறகு ரெண்டு பேருமா ஒத்து இருந்தவங்கதான். பொண்டுக பேச்சு, அது இதுன்னு ஆயிப் போச்சு. நான் மூத்தவன்ங்கறதால கெணறு என்ற பக்கம் வந்துச்சு. மேட்டாங்காடு அவனுக்கு. வாயத் தொறக்கல அவன், வாங்கிட்டான். வாங்கி என்ன பண்ணுனான் தெரியுங்களா? அந்த மேட்டுல ஊரளவுக்கு ஒரு குட்டை வெட்டி, தார்ப்பாய் விரிச்சு, வாய்க்காத் தண்ணி வர்றப்பல்லாம் ரொப்பி வெச்சுட்டான். என்ற கெணறு வத்திப் போச்சு. அவன் குட்டையில கெண்டை துள்ளுது. எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க. தண்ணி வேணும்னா எடுத்துக்குங்கண்ணான்னு ஒருக்கா ஆள் உட்டான். நான் செவுரு கட்டீட்டேன். தலை ஒசரத்துக்கு மேல, ஹாலோ பிளாக்குல. அவன் மொகத்தப் பாக்கக் கூடாதுன்னுதான்.

செரி, தீக்கு வர்றேன். நல்ல வெய்யக் காலம், மதியச் சோத்துக்கு ஆளுக போயிருந்த நேரம். மிசினு பேரிங் சூடாகிப் பொறி பறந்திருக்குது. களத்துல காஞ்சு கெடந்த நாருல புடிச்சுப் போச்சு. நாரு எப்படி எரியும்னு உங்களுக்குத் தெரியாது. மேல பாத்தா ஒண்ணுமே தெரியாது, பொகை மட்டும் சும்மா எந்திரிச்சுட்டு இருக்கும். உள்ளுக்குள்ள போயி உக்காந்துக்கும். நான் நூத்தி ஒண்ணுக்கு அடிச்சேன். எடுத்தது இந்த ஜெபராஜ்.

"என்ன எரியுது அண்ணாச்சி?"ங்கறான்.

"நாருங்க."

"எவ்வளவு பெருசு?"

"கொஞ்சமுங்க. களத்துல கொஞ்சம் தீப் புடிச்சிருக்குதுங்க. சிரமம் பாக்காம சித்தெ ஒரு வண்டி தாட்டி உட்டீங்கன்னா நல்லாருக்கும்."

"கொஞ்சம்னா எவ்வளவு? ஒரு குவியலா, ரெண்டா? களம் முச்சூடுமா?"

"கொஞ்சந்தானுங்க"ன்னேன்.

இப்ப நீங்களே சொல்லுங்க. ஒரு மனுசன் தீயணைப்புக்குப் போன் பண்ணிக் கொஞ்சம்னு சொன்னா, அதுக்கு என்ன அர்த்தம்? எங்க பக்கத்துல கைக்கொழந்தைக்குக் கூடத் தெரியும். புள்ளைக்கு நூறு பவுனு போட்டுக் கட்டிக் குடுத்தாலும் "ஏதோ கொஞ்சம் போட்டிருக்கறமுங்க"ன்னுதான் சொல்லுவோம். ஊரையே கூப்புட்டுக் கெடா வெட்டுனாலும் "கொஞ்சம் சாப்பாடு, வந்துட்டுப் போங்க"ம்போம். எங்கய்யன் செத்தன்னிக்குச் சொந்தம் ஒறம்பரைக்கெல்லாம் நாந்தான் ஆள் உட்டேன். என்னன்னு சொல்லி உட்டேன்? "ஐயனுக்குக் கொஞ்சம் முடியலீங்க, சித்தெ வந்துட்டுப் போங்க." அவ்வளவுதான். வந்தவங்க அத்தன பேரும் மாலையோடதான் வந்து எறங்குனாங்க. ஒருத்தரும் எவ்வளவு முடியலைன்னு கேக்கலீங்க. அது நாகரிகம். பெருசு பெருசுன்னு கத்தறது எங்களுக்கு வராது. இது கூடத் தெரியாதவன் எங்கூருல எதுக்கு யூனிபார்ம் போட்டுட்டு உக்காந்திருக்கறான்? நான் கொஞ்சம்னா, அவன் நாலு வண்டியோடல்ல வரோணும்?

ஒத்த வண்டியோட வந்தான். வந்தவன் உடனே தண்ணி அடிச்சானா? அதுவும் இல்ல. மூணு பேரக் குழாய விரிக்கச் சொல்லிப்போட்டு, இவன் களத்தச் சுத்தி வர்றான். கண்காட்சி பாக்க வந்த மாதிரி. காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு மண்ண அள்ளித் தூத்திப் பாக்கறான். கொடோன் செவுத்துல கைய வெச்சுப் பாக்கறான். அப்பறம் என்றகிட்ட வந்து கேள்வி. "கொடோனுக்குள்ள சரக்கு இருக்கா அண்ணாச்சி?"

"கொஞ்சம் கெடக்குதுங்க." கொடோன்ல கூரை முட்ட அடுக்கி வெச்சிருந்தேன், அது வேற.

"கெணத்துல தண்ணி?"

"கொஞ்சம் இருக்குதுங்க." சேறுதான் இருந்துச்சு. வந்தவங்ககிட்ட தண்ணி இல்லைன்னு எப்படிங்க வாயத் தொறந்து சொல்றது.

"ஆளு யாராச்சும் உள்ள?"

"ஆருமில்லீங்க." அது நெசம்.

அப்பவும் அவன் மொகத்துல தெளிவில்ல. "அண்ணாச்சி, நான் வேற வண்டி கேக்கேன்"னான். எதுக்குங்க தம்பின்னேன். நின்னு வெவரமாச் சொல்றான். "இந்த வண்டியில உள்ள தண்ணி கண்ண மூடித் தொறக்கதுக்குள்ள தீந்துரும். தீரதுக்கு முன்னால அடுத்த வண்டி வந்து பக்கத்துல நிக்கணும். அதுக்கு இப்பமே கேக்கணும். தீ பெருசானப்புறம் கேட்டா, வாரவன் சாம்பலத்தான் அணைப்பான். சின்னத் தீன்னா நான் போதும். அதுக்கு மேலன்னா பக்கத்து ஸ்டேசன் வண்டி வரும், ஆபீசர் வருவாரு. அதுக்கும் மேலன்னா நாலு திசையில இருந்தும் வண்டிய எழுப்பி விட்டுருவாவ, மாவட்ட அலுவலரு வருவாரு. எரியத நீங்க பாக்கவே வேண்டாம் அண்ணாச்சி. எங்க எங்க இருந்து வண்டி கெளம்புது, யாரு கெளம்புதான்னு பாத்தாலே போதும், தீ எவ்வளவுன்னு தெரிஞ்சிரும்."

நான் என்ன சொன்னேன்? வேண்டாம்னு சொல்லலீங்க. சத்தியமாச் சொல்லல. "ஊரக் கூட்ட வேண்டாமுங்க தம்பி, பாத்துக்கலாம்"னு மட்டுந்தான் சொன்னேன். நாலு வண்டி சைரன் அடிச்சுட்டு வந்தா, சிவமலை மில்லு வாசல்தாண்டித்தானுங்க வரோணும். அவன் எட்டிப் பாப்பான். அண்ணன் மில்லு எரியுதுன்னு தெரிஞ்சா ஓடியாருவான், தண்ணி எடுத்துக்கங்கண்ணாம்பான். அத நான் கேக்கோணுமா? அந்தத் தண்ணிய வாங்கி நான் அணைக்கோணுமா? அதுக்கு எரிஞ்சே போகட்டும்னு இருந்துச்சு.

அப்படிச் சொன்னா, இந்த ஜெபராஜு உட்டர்றதுங்களா? வொயர்லெஸ்ஸ எடுத்தான். "ஓனரு சரக்கு கம்மிங்காரு, நெலவரம் பாத்துச் சொல்லுதேன்"னு பேசிட்டு வெச்சுட்டான். இத்தனைக்கும் அவனுக்குத் தெரியுது, முழிக்கறான், கொடோனையே திரும்பித் திரும்பிப் பாக்கறான். எங்கூட்டுக்கு ஒறம்பரை வந்து எலையில கைய வெச்சு மறைச்சுப் போதும் போதும்னா, நாங்க சோறு போடாம உட்டர்றமா? கைய நகத்திப்போட்டு இன்னும் ரெண்டு கரண்டி சேத்துத்தானுங்க போடுவோம். போதும்னு சொல்றது அவங்க மொறை. போடறது நம்ம மொறை. இதையத்தான் மனுவுல எழுதியிருக்கறேன். சம்பந்தப்பட்ட ஊழியர் என்ற வார்த்தைய அப்படியே எடுத்துக்கிட்டு அலட்சியமா இருந்துட்டாருன்னு. மனு எழுதிக் குடுத்த வக்கீலு கொமாஸ்தா இதக் கேட்டுட்டு ஒரு மாதிரியாப் பாத்தான். எழுதுறா நீயின்னேன்.

இந்தப் பாட்டில்ல தண்ணி இருக்குதுங்களா? ஒரு மொடக்கு. தொண்டையெல்லாம் காஞ்சு போகுது. இதச் சொல்ல ஆரம்பிச்சா இப்படித்தான் ஆகுது எனக்கு. மில்லு எரிஞ்சு அணைஞ்சு போச்சு, இது அணைய மாட்டேங்குது.

அப்பறமென்ன, காத்து திரும்பிருச்சு. மேக்கால இருந்து அடிச்சது தெக்கால திரும்பி, களத்துத் தீய அப்படியே கொண்டுபோயிக் கொடோன் கதவுல சேத்துச்சு. கட்டுக் கட்டா அடுக்கி வெச்ச நாரு. கூரைத் தகரம் அனல்ல படபடன்னு வெடிக்குது. வண்டியில தண்ணி தீந்து போச்சு. கெணத்துல குழாயப் போட்டா சேறு வருது. ஜெபராஜு என்னைய ஒரு பார்வை பாத்தான் பாருங்க, அத நான் மறக்க மாட்டேன். வொயர்லெஸ்ஸ எடுத்து, "எல்லா வண்டியும் வேணும்"னான்.

அந்தப் பக்கத்துல இருந்து கண்ட்ரோல்காரன் என்ன சொல்றான்னா, வண்டி கெளம்பி அப்பவே ஆச்சாம். அஞ்சு வண்டி வந்துட்டே இருக்குதாம். அடுத்த காம்பவுண்டுல இருந்து ஒருத்தரு போன் பண்ணி, "பெரிய தீ, உள்ள ஆளு மாட்டிக்கிச்சு, இருக்கற வண்டி அத்தனையும் அனுப்புங்க"ன்னு கத்துனாராம். ஆளு மாட்டியிருக்குதுன்னு சொன்னா அவங்களுக்கு அது வேற கணக்காமுங்க, கேள்வியே கேக்க மாட்டாங்களாம்.

யாரு? சிவமலைதான். வேற ஆரு?

இதுல கொழுப்பப் பாத்தீங்களா? அவன் பக்கம் அப்பத் தீயே இல்லீங்க. ஒரு பொறி இல்ல. அவன் நாரு காயாம ஈரமாக் கெடக்குது. தீயே இல்லாதவன் பெரிய தீன்னு கத்தி அஞ்சு வண்டி வர வெச்சிருக்கறான். எரியறவன் நானு, கொஞ்சம்னு மரியாதையாப் பேசி ஒத்த வண்டி வாங்கியிருக்கறேன். ஆளு மாட்டிருச்சுன்னானே, எந்த ஆளு? அதுவும் பொய். ஒருத்தரும் மாட்டல. என்ற எக்ஸெல்லு மொபெட்டு மட்டும் கொடோன் வாசல்ல நின்னுட்டு இருந்துச்சு. நான் அதுக்குள்ள மெயின் ரோட்டுக்கு வந்து நின்னுட்டு இருந்தேன். கார்ல போறவங்க வர்றவங்க எல்லாம் நிறுத்தி நிறுத்திக் கேக்கறாங்களே, ஒருத்தரு சொல்ல வேண்டாமுங்களா? ஒண்ணுமில்லீங்க, கொஞ்சந்தான், போங்க போங்கன்னு அனுப்பீட்டிருந்தேன்.

அஞ்சு வண்டியும் நேரா அவன் கேட்டுக்குள்ள போயிருச்சு. என்ற வாசல் சிறுசு, அவன் வாசல் லாரி திரும்பற வாசலு. வரிசையா நிக்குது, கல்யாண ஊட்டு முன்னால நிக்கற மாதிரி. குட்டையில குழாயப் போட்டாங்க. அந்தக் கெண்டைத் தண்ணிய உறிஞ்சறாங்க. சிவமலை என்ன பண்றான், அவன் களத்துல நின்ன ஜேசிபிய எடுத்துச் செவுத்த இடிக்கறான். நான் கட்டுன செவுருங்க. நின்னு கல்லு கல்லாப் பாத்துக் கட்டுனது. ஒரே முட்டுல சாச்சுப்போட்டான். அது வழியா அத்தன குழாயும் என்ற பக்கம் வருது. அவன் தண்ணிய என்ற நாருல அடிக்கறாங்க. நான் கேட்டனா? ஒருத்தன் என்னையக் கேட்டானா, அடிக்கட்டுங்களான்னு?

அடிச்ச தண்ணிக்கும் அனலுக்கும் தீக்கங்கு எந்திரிச்சு அவன் பக்கம் போயிருச்சு. அவன் செட்டுல புடிச்சிருச்சு. மாவட்ட அலுவலரு ரெண்டு குழாய அந்தப் பக்கம் திருப்பச் சொல்லியிருக்கறாரு. இவன் குறுக்க விழுந்து, "அக்கட்டாலயே, அண்ணன் பக்கமே அடிங்க, என்றது போனாப் போகுது"ன்னானாம். என்ற ஊட்டுக்காரி காதால கேட்டது. போனாப் போகுதாம். எப்படிப் பேச்சு பாத்தீங்களா, நூறு மில்லு வெச்சிருக்கற மாதிரி. இவன் இன்சூரன்சு கூடப் போடலையாமுங்க. அத்தனையும் போச்சு. நல்லா வேணும்னு நான் சொல்லல. ஆனா எவன் கேட்டான் இவன?

அதுக்கப்பறந்தான் அந்தக் கிறுக்குத்தனம். எரிஞ்சுட்டு இருக்கற கொடோனுக்குள்ள ஓடிட்டான். அண்ணா அண்ணான்னு கத்தீட்டு. நான் ரோட்டுல நிக்கறேன். என்ற எக்ஸெல்லப் பாத்துட்டு உள்ள இருக்கறேன்னு அவனா நெனச்சுக்கிட்டான். கேட்டுட்டுப் போகலாமுல்ல? அண்ணன் எங்கன்னு ஒரு வார்த்தை, நின்னு, அங்க இருந்தவங்களக் கேட்டுட்டுப் போகலாமுல்ல? பத்து வருசமாப் பேசாதவன், அன்னிக்கு மட்டும் எதுக்குங்க அத்தன சத்தமாக் கூப்புடறான்? ரோட்டுல இருந்த எனக்கே கேட்டுச்சு. யாரோ யாரையோ கூப்புடறாங்கன்னு நெனச்சேன்.

இழுத்துட்டு வந்தது ஆருன்னா, இதே ஜெபராஜ்தான். மொகத்துல மூடிய மாட்டிக்கிட்டு உள்ள போயித் தோள்ல போட்டுட்டு வந்தான். அவனுக்கும் கையெல்லாம் வெந்து போச்சு. அது அவன் வேலைங்க. சம்பளம் வாங்கறானுல்ல. அதுக்கு மனுவுல நன்றின்னா எழுத முடியும்?

ஆஸ்பத்திரியில போட்டு ரெண்டு நாள்ல கண்ணத் தொறந்தானாம். தொறந்ததும் என்ற ஊட்டுக்காரிகிட்டக் கேட்டானாம், "அண்ணனுக்கு ஒண்ணுமில்லையே அண்ணி"ன்னு. கேளுங்க கதைய. மில்லே போச்சு, அண்ணனுக்கு ஒண்ணுமில்லையேங்கறான். இவ அதச் சொல்லிச் சொல்லி அழுகறா. நான் இன்னும் போயிப் பாக்கலீங்க. போகோணும், போகோணும்னுதான் இருக்கறேன். இன்சூரன்சு ஆளு வர்றான், மனு எழுதோணும், ஒண்ணு மாத்தி ஒண்ணு. போயி என்ன பேசறது? அஞ்சு வண்டி எப்படிடா வந்துச்சுன்னு அவனக் கேக்கவா? கேட்டா சிரிப்பான். சின்னதுல இருந்தே அப்படித்தான், நான் திட்டுனா சிரிப்பான். அதுதான் எனக்கு ஆகாது.

என்னங்க? ஆமா, ஆஸ்பத்திரி ஸ்டாப்புதான். கண்டக்டரு சொன்னது கேட்டுச்சு. எறங்கறவங்க எறங்கட்டும். நீங்க எதுக்குத் தூக்குப்போசிய எடுத்துக் குடுக்கறீங்க, கீழயே வையிங்க. நானு மனுவக் குடுத்துட்டு வர்றேன்னு சொன்னனுல்ல. ரசஞ்சோறு மதியம் வரைக்கும் தாங்கும். எனக்கும் பாக்கோணும்னு இருக்காதுங்களா? இருக்குது. ஆனா நாயம்னு ஒண்ணு இருக்குதுங்களே. ஒத்த வண்டி ஏன் வந்துச்சுன்னு ஒரு பெரிய ஆபீசரு வாயில இருந்து எனக்குப் பதில் வரோணும். அதக் கேட்டுட்டுப் போயி அவன் மொகத்துல முழிச்சாத்தான் எனக்கு மரியாதை.

போயிருச்சு பாருங்க ஸ்டாப்பு. அவ்வளவுதான். திரும்பி வர்றப்ப அந்தப் பக்கம் எறங்குனா வாசல்லயே எறங்கிக்கலாம்.

போன் அடிக்குதுங்க. இருங்க, பையன்தான். அலோ, சொல்லு சாமி. பஸ்ஸுலதான் வந்துட்டு இருக்கறேன். சத்தமா இருக்குது, கொஞ்சம் ஒறக்கச் சொல்லு. ஆங். ஆரு ஆரு? ஓ. அவங்களுமா? அவங்களுக்கு எதுக்கு சாமி சொன்னீங்க. செரி. செரி. வர்றேன்னு சொல்லு. வர்றேன், வையி.

ஒண்ணுமில்லீங்க. "பெரியப்பா, கொஞ்சம் வெரசா வந்தீங்கன்னா நல்லாருக்கும்"ங்கறான். இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பதட்டம் ஜாஸ்தி. கொஞ்சம் முடியலைங்கறதுக்கு ஊரையே கூட்டியிருக்கறானுங்க. திருப்பூருல இருந்து எங்கத்தை கெளம்பிட்டாங்களாம். அவங்க எந்திரிச்சு நடக்கவே மாட்டாங்க, எப்படிக் காருல ஏத்துனாங்களோ. ஈரோட்டுல இருந்து பெரிய மாமன் கெளம்பியாச்சாம், மாமன் எங்கூட்டுக் கல்யாணத்துக்கே வராதவரு. தாராபுரத்துல இருந்து தங்கச்சி, மாப்பிள்ளை. பொள்ளாச்சியில இருந்து சம்பந்தி ஊடு. நாலு பக்கமிருந்தும் வண்டி கெளம்பி வந்துட்டு இருக்குதுங்க, எதுக்கு இத்தன வண்...

ஏனுங்க.

காலையில பையன் போன் பண்ணுனான்னு சொன்னனுல்ல, என்ன சொன்னான்னு சொன்னேன் உங்ககிட்ட? கொஞ்சம் முடியலீங்க. சித்தெ வந்துட்டுப் போங்க. அப்படித்தானுங்களே சொன்னேன்?

ஸ்டாப்பு தாண்டி எத்தன தூரம் வந்துட்டோம்? ஏனுங்க கண்டக்டரே, வண்டிய நிறுத்தச் சொல்லுங்க. அடுத்த ஸ்டாப்பெல்லாம் இல்லீங்க, இங்கயே. நடந்தே போயிக்கறேன். அந்தத் தூக்குப்போசிய எடுங்க. கீழ விழுந்த மனு கெடக்கட்டும், மிதிச்சா மிதிங்க, அதுவா இப்ப.

நீங்க ஒண்ணு பண்ணுங்க. இந்தாங்க போனு. அந்தப் பையனக் கூப்புட்டு நீங்க கேளுங்க. நீங்க தூத்துக்குடிக்காரரு, உங்களுக்கு வரும். ஜெபராஜு கேட்ட மாதிரி நேராக் கேளுங்க, எவ்வளவு பெருசுன்னு. அவன் கொஞ்சந்தானுங்கம்பான். உட்டராதீங்க. கொஞ்சம்னா எவ்வளவுன்னு கேளுங்க. நான் போற வரைக்கும் தாங்குமான்னு கேளுங்க. எனக்குக் கேக்க வராது. எங்களுக்குள்ள அப்படிக் கேட்டுப் பழக்கமில்லீங்க.